இரவல் சிம்மைத் திருப்பிக் கொடுக்கும் முன் எதையெல்லாம் பிரித்தெடுக்க வேண்டும்?

ஓலைச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கேள்வி சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டும்.

என் கைப்பேசி தொலைந்தபோது அதிலிருந்த எண்ணும் சேர்ந்தே போயிற்று. அந்த எண் வீட்டில் யார் பெயரில் பதிவாகியிருந்தது என்பதிலேயே குழப்பம் இருந்ததால் அதை மீட்க முடியவில்லை. அப்போது என் பெரியப்பா மகன், தம் பெயரில் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த ஒரு சிம்மை எடுத்துக் கொடுத்து, "புதிது வாங்கும்வரை இதை வைத்துக்கொள்" என்றார். ஒரு வாரத்துக்கு என்று வாங்கிய இரவல், எட்டு மாதமாக என்னிடமே இருக்கிறது. இடையில் அந்த எண்ணை மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வாட்ஸ்அப்புக்கும் இன்னும் எதற்கெல்லாமோ கொடுத்துவிட்டேன். இப்போது அண்ணன், தம் மகளுக்கு அந்த எண் வேண்டும் என்று கேட்கிறார், கேட்பது நியாயம்தான்.

என் ஐயங்கள் இவை. இந்த எட்டு மாதத்தில் என்னுடைய அழைப்புகள், செய்திகள், நான் போய்வந்த இடங்கள் ஆகியவற்றில் எதை அவரால் பார்த்திருக்க முடியும்? உடன் வேலை பார்க்கும் ஒருவர், "டூப்ளிகேட் சிம் எடுத்து வைத்துக்கொண்டால் உனக்கு வரும் எல்லாமே அவருக்கும் வரும்" என்கிறார், இது உண்மையா? சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த அட்டைக்குள் என்னுடையது எதுவும் தங்கியிருக்குமா? கொடுப்பதற்கு முன் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

அண்ணன் மீது எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இதையெல்லாம் அவரிடமே கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று எண்ணிவிடுவாரோ என்ற தயக்கத்தால்தான் இங்கே கேட்கிறேன்.


தாழ்ப்பாள் எழுதியது:

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது அட்டை. எண், அந்த அட்டையில் இல்லை. அது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் அண்ணன் பெயருக்கு நேராக இருக்கிறது. அட்டைக்குள் இருப்பது ஐஎம்எஸ்ஐ எனப்படும், அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட அடையாளமும், ஓர் இரகசியச் சாவியும்தான். கைப்பேசி வலைப்பின்னலில் சேரும்போது நிறுவனம் ஏதோ ஓர் எண்ணை அனுப்பி "இதற்கு விடை சொல்" என்று கேட்கிறது. அட்டை தன் சாவியைக் கொண்டு கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. சாவி ஒருபோதும் அட்டையை விட்டு வெளியே வருவதில்லை. 1998ஆம் ஆண்டில் ஜிஎஸ்எம் என்ற அக்காலத்துக் கைப்பேசி முறையின் அட்டைகள் பலவற்றில் இருந்த காம்ப்128 என்ற கணக்கீட்டு முறையை ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அட்டை கையில் கிடைத்தால் சாவியைப் பிரித்தெடுத்து நகல் செய்ய முடிந்தது. "சிம் குளோனிங்" என்ற அச்சம் இன்றும் உலவுவதற்கு அதுவே வேர். அந்த முறை மாற்றப்பட்டுவிட்டது. இன்றைய அட்டையை வீட்டில் உட்கார்ந்து நகல் எடுக்க முடியாது.

டூப்ளிகேட் சிம் என்பது வேறு. பதிவு பெற்றவர் நிறுவனத்திடம் போய், "அட்டை தொலைந்துவிட்டது, வேறு கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது அது. அப்படி வாங்கினால் எண் புதிய அட்டைக்கு மாறிவிடும். பழைய அட்டை அந்தக் கணமே செத்துவிடும். ஆகவே உங்கள் கைப்பேசியில் எட்டு மாதமும் சிக்னல் இருந்திருக்கிறது என்றால், அண்ணனிடம் இன்னொரு அட்டை இருந்து உங்கள் குறுஞ்செய்திகளை அவர் இரகசியமாகப் படித்திருக்க வழியில்லை. ஒரே எண்ணைக் கைக்கடிகாரத்திலும் இயங்க வைக்கும் துணைச் சிம் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன என்பதையும், அதைச் சேர்ப்பதும் நீக்குவதும் பதிவு பெற்றவர் கையில்தான் என்பதையும் மட்டும் விதிவிலக்காகச் சொல்லி வைக்கிறேன். நண்பர் சொன்னதில் பாதி உண்மை உண்டு: உங்களுக்கும் அவருக்கும் சேர்ந்து வராது, ஆனால் அவர் நினைத்தால், உங்களுக்கு வராமல் அவருக்கு மட்டும் வரும்படி எந்த நாளிலும் செய்துகொள்ளலாம்.

அவர் பார்க்கக்கூடியது அழைப்பு விவரம். நிறுவனத்தின் செயலியிலோ தளத்திலோ அவர் தம் மின்னஞ்சலைக் கொண்டு கணக்குத் தொடங்கியிருந்தால், எந்த எண்ணுக்கு எப்போது எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்ற பட்டியல் அவருக்குத் திறந்திருக்கலாம். பேசியது என்ன என்பது அதில் இராது. குறுஞ்செய்தியின் வாசகமும் பொதுவாக இராது. வாட்ஸ்அப், சிக்னல் செயலிகளின் உரையாடல்கள், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை மறையாக்கத்தில் போவதால் சிம்மின் உரிமையாளருக்கு அவற்றில் ஒரு வரியும் தெரியாது. நீங்கள் பார்த்த இணையப் பக்கங்களும் அவர் வீட்டுக்குப் பட்டியலாகப் போவதில்லை. ஆனால் பேசியது தெரியாமல் யாரிடம் பேசினோம் என்பது மட்டும் தெரிந்தால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனைக்கு மூன்று முறை, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு முறை, பிறகு ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு நாள் பட்டியல் இருந்தால், அதைப் படிப்பவருக்கு ஒலிப்பதிவு எதற்கு?

இருப்பிடத்தைப் பொறுத்தவரை, உங்கள் கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்திருந்தது என்பது நிறுவனத்திடம் பதிவாகிறது. அண்ணன் அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. ஆனால் அந்தத் தடம் முழுவதும் அவர் பெயரில் ஏறுகிறது. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தடங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகளைக் கொண்டு அவர்களில் 95 விழுக்காட்டினரைத் தனித்தனியே பிரித்துக் காட்டிவிடலாம் என்றது. வேறொருவர் பெயரிலுள்ள சிம் என்பதால் நம்மை யாரும் அறியமாட்டார்கள் என்று நம்புபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை இரவலாக இருக்கலாம். இரவு உறங்கும் இடமும் காலையில் வேலைக்குப் போகும் இடமும் நம்முடையவை அல்லவா!

இன்னொன்று: அழைப்புத் திருப்பம். இந்த எண்ணுக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் ஏற்பாடு அட்டையில் இல்லாமல் வலைப்பின்னலில் பதிவாகிறது. ஆகவே அட்டையை எந்தக் கைப்பேசியில் போட்டாலும் அது தொடர்ந்து இருக்கும். பெரும்பாலான வலைப்பின்னல்களில் *#21# என்று அழுத்தினால் எல்லா அழைப்புகளும் திருப்பப்படுகின்றனவா என்பதும், *#61# என்றால் எடுக்காத அழைப்புகளின் நிலையும், *#62# என்றால் கைப்பேசி அணைந்திருக்கும்போதான நிலையும் தெரியும். இன்றே பார்த்துவிடுங்கள்.


அவசரக்காரன் எழுதியது:

இதற்கு இத்தனை பெரிய விளக்கம் தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. சிம்மில் உள்ள தொடர்பு எண்களையும் செய்திகளையும் அழித்துவிட்டுக் கொடுங்கள், அத்துடன் முடிந்தது. அண்ணன்தானே, அயலாரா?


கல்தச்சன் எழுதியது:

மேலே உள்ளவர் சொல்வது போல் அட்டையைத் துடைத்துக் கொடுப்பது, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது தரையைப் பெருக்கிவிட்டு, புதிதாய்ப் போட்ட பூட்டின் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டுப் போவதற்குச் சமம். இங்கே அயலார், அண்ணன் என்பதல்ல பேச்சு. அந்த எண் நாளை மகளின் கைப்பேசியில் இருக்கும். அந்தக் கைப்பேசி பள்ளித் தோழிகளின் கைக்குப் போகும். ஒரு நாள் தொலையும். அல்லது பணம் போடாமல் விட்டு எண்ணே காலாவதியாகி, நிறுவனம் அதை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றுவிடும். 2021ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அமெரிக்காவின் இரண்டு பெரிய நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளருக்குத் தரத் தயாராக வைத்திருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் 171 எண்கள் ஏதேனும் ஒரு பெயர்பெற்ற தளத்தில் யாரோ ஒருவரின் கணக்கோடு இன்னும் பிணைந்தே இருந்தன. எண்ணை விட்டுப் போனவர்கள் கணக்கை அவிழ்க்காமலே போயிருக்கிறார்கள்.

எண்ணை நாம் முகவரி என்று நினைக்கிறோம். இன்று அது சாவியாகிவிட்டது என்பதே உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது. எந்தத் தளத்திலும் "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்ற வரியைத் தொட்டால் என்ன நடக்கிறது? எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு வருகிறது. அதைத் தட்டினால் புதிய கடவுச்சொல் கேட்கிறது. பழைய கடவுச்சொல் இருபது எழுத்தாக இருந்தாலும் பயனில்லை. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கிலிருந்தே அன்னியர்கள் கண்டதையும் எழுதியது நினைவிருக்கலாம். அவருடைய எண்ணைத் தங்கள் வசமாக்கிக்கொண்டு குறுஞ்செய்தி வழியாகப் பதிவிட்டார்கள்; கடவுச்சொல்லைத் தொடவே இல்லை. அங்கே திருடர்கள் ஏமாற்றி அடைந்த இடத்தில், உங்கள் அண்ணன் சட்டப்படியே இருக்கிறார். அவர் நல்லவர் என்பது உங்களுக்கு வாய்த்த பேறு. அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சிம்மைக் கழற்றி மேசை மீது வையுங்கள். வேறொரு கணினியில், கடவுச்சொல் தெரியாதவர் போல், உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைய முயலுங்கள். எந்த இடத்தில் அந்த எண்ணைக் கேட்டு நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் நீங்கள் இரவல் சாவியை மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

வரிசை மிக முக்கியம். முதலில் உங்கள் பெயரிலேயே புதிய எண் ஒன்றை வாங்குங்கள். அது வேலை செய்யத் தொடங்கும்வரை இதைக் கொடுக்காதீர்கள். எண்ணை மாற்றும்போது பல தளங்கள் பழைய எண்ணுக்கும் ஒரு குறியீட்டை அனுப்பி உறுதி கேட்கும், பழைய எண் கையைவிட்டுப் போன பிறகு தொடங்கினால், ஒவ்வொன்றுக்கும் அண்ணனுக்குத் தொலைபேசி செய்து, "என்ன குறியீடு வந்தது?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது உங்களுக்கும் நல்லதன்று, குறியீட்டைத் தொலைபேசியில் படித்துச் சொல்லும் பழக்கம் அந்தக் குழந்தைக்கும் நல்லதன்று. அந்தப் பழக்கத்தைத்தான் ஏமாற்றுக்காரர்கள் அறுவடை செய்கிறார்கள்.

முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதன் வழியாகத்தான் மீட்கப்படுகின்றன. மீட்பு எண் என்று ஓர் இடத்திலும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு என்று வேறோர் இடத்திலும் அதே எண் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுபவர்களே அதிகம். முடிந்தால் இரண்டாம் கட்டத்தைக் குறுஞ்செய்தியிலிருந்து பிரித்து, 30 விநாடிக்கு ஒருமுறை குறியீடு மாறும் சரிபார்ப்புச் செயலிக்கோ, கைரேகை அல்லது திரைப்பூட்டைக் கொண்டு நுழையவிடும் பாஸ்கீக்கோ கொண்டுபோய்விடுங்கள். அவற்றுக்கு எந்தச் சிம்மும் தேவையில்லை. மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அடுத்து வங்கி, அங்கே படிவமும் நேரில் வருகையும் கேட்கலாம் என்பதால் நாள் பிடிக்கும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தகராறு அங்கேதான் வரும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் சிம்மைக் கொடுத்தால், மகள் அதைத் தன் கைப்பேசியில் போட்டு வாட்ஸ்அப்பை நிறுவுவாள். குறியீடு அவளுக்கு வரும். அதைத் தட்டியவுடன் உங்கள் கைப்பேசியில் கணக்கு மூடிக்கொள்ளும். உங்கள் பழைய உரையாடல்கள் அவளுக்குப் போகா. அவை உங்கள் கைப்பேசியிலும் உங்கள் காப்புப் பிரதியிலும்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் இருந்த குழுக்களில் அவள் இருப்பாள். உங்கள் அலுவலகக் குழுவில் அன்று மாலை வரும் செய்தி அவள் திரையில் விழும். உங்கள் பெயரை நம்பி யாரோ அந்தரங்கமாக எழுதுவதும் அவளுக்கே போகும். நீங்கள் இரண்டு கட்டச் சரிபார்ப்பு எண்ணைப் போட்டு வைத்திருந்தாலோ, அந்த எண் தெரியாமல் அவள் ஏழு நாள் காத்திருக்க நேரிடும். இந்த இரண்டும் வேண்டாமெனில், அமைப்புகளில் "எண்ணை மாற்று" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். பழைய எண்ணில் கணக்கு உயிரோடு இருக்கும்போதே புதிய எண்ணுக்கு மாறிவிட்டால், கணக்கும் குழுக்களும் உங்களோடு வந்துவிடும். பழைய எண் அவளுக்கு வெறும் எண்ணாகக் கிடைக்கும். டெலிகிராமிலும் இதே போன்ற வசதி உண்டு.

கடைசியாக, தொடர்பில் உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். "இந்த எண் இனி என்னுடையதன்று" என்ற ஒரு வரி போதும்.


பட்டறிவு எழுதியது:

கடன் வாங்கியவர் பக்கத்தைப் பேசிவிட்டீர்கள். கடன் கொடுத்தவன் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஓலைச்சுவடியின் அண்ணன் எட்டு மாதமாக எதைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அறிமுகமான ஒருவருக்கு இரண்டு நாளைக்கு என்று என் இரண்டாவது சிம்மைக் கொடுத்தேன். அவர் அந்த எண்ணை வைத்து, பழைய பொருட்களை விற்கும் இணையத் தளம் ஒன்றில் கணக்குத் திறந்து, இல்லாத பொருளுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். சிம் என்னிடம் திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் என்னை அழைத்து, கண்ணியமான குரலில், "என் பணத்தை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டார். பிறகு வந்த குரல்கள் அவ்வளவு கண்ணியமாக இல்லை. விசாரணை என்று வந்தபோது முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தானே கேட்பார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஓர் அட்டைப் பெட்டி. ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் ஒன்று உண்டு. சிம் எந்தக் கைப்பேசியில் இருந்து வலைப்பின்னலில் சேர்ந்தது என்பது அந்த எண்ணோடு நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறிவிடும். அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த என் கைப்பேசிப் பெட்டியை எடுத்துப் போய், அதன் அடியில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினேன். அந்த இரண்டு நாளும் சிம் இருந்தது வேறொரு கைப்பேசியில் என்பது அதனால்தான் நிலைபெற்றது. அதற்குள் நான் அலைந்த அலைச்சலும், வீட்டில் கேட்ட கேள்விகளும் தனிக்கதை. இணைய இணைப்பும் அப்படியே. அவர் எந்தத் தளத்தில் என்ன செய்திருந்தாலும், அந்த நேரத்தில் அந்த இணைப்பின் ஐபி முகவரி (இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எந்தச் சந்தாதாரருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று தேடினால் என் பெயரில் வந்து நின்றிருக்கும்.

மற்றொரு அனுபவம், குற்றம் எதுவும் கலவாதது. வேறொரு முறை உறவினர் ஒருவர் ஓராண்டு வைத்திருந்து திருப்பிக் கொடுத்த சிம்மை நான் கைப்பேசியில் போட்டேன். அன்று முதல் அவருடைய வாழ்க்கை எனக்குக் குறுஞ்செய்தியாக வந்துகொண்டிருந்தது. கடன் தவணை தவறிவிட்டது என்று ஒன்று. இந்தத் தேதியில் இந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒன்று. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு ஓடிபி. நான் எதையும் தேடவில்லை. திரை ஒளிர்ந்தபோது கண்ணில் பட்டது. அந்த மருத்துவர் எந்த நோய்க்கானவர் என்பது செய்தியிலேயே இருந்தது. அவர் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் தெரிந்துகொண்டு, தெரியாதவன் போல் அவரிடம் பல மாதம் பேசினேன். ஓலைச்சுவடி, உங்கள் அண்ணனை அந்த நிலையில் வைக்காதீர்கள்; அதுவும் செய்தி போகப்போவது அவர் மகளுக்கு.

வேறொருவர் பெயரிலுள்ள சிம்மைத் தொடர்ந்து பயன்படுத்துவதை நிறுவனத்தின் விதிகளும் பல நாடுகளின் சட்டமும் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம், ஏற்கெனவே "ஆக்டிவேட்" ஆன சிம்மை வாங்குபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கையில் இருப்பது யாருடைய பெயர் என்பது அவர்களுக்கே தெரியாது.


தாழ்ப்பாள் எழுதியது:

அட்டைக்குள் என்ன தங்கும் என்ற கேள்விக்கு நான் விடை சொல்லாமல் விட்டேன். சுருக்கமாகவே சொல்லலாம்.

இப்போதைய கைப்பேசிகள் தொடர்புகளையும் குறுஞ்செய்திகளையும் தங்கள் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கின்றன; ஆகவே அட்டையில் பெரும்பாலும் உங்களுடையது ஒன்றும் இராது. இடையில் ஒரு பொத்தான் கைப்பேசியில் அதைப் போட்டிருந்தால் கவனியுங்கள். சிம்மில் குறுஞ்செய்திக்கென்று சில இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடமும் 176 பைட்டு. அதன் முதல் பைட்டு "இங்கே செய்தி இருக்கிறது" அல்லது "காலி" என்று சொல்லும் குறி. பழைய கைப்பேசிகள் சில, அழி என்று சொன்னால் அந்தக் குறியை மட்டும் காலி என்று மாற்றிவிட்டு வாசகத்தை அப்படியே விட்டுவிடும். அட்டைப் படிப்பான் உள்ளவர் அதை எடுத்துப் படிக்கலாம். கடைசியாக அழைத்த எண்கள் சிலவும், கடைசியாக இணைந்த வலைப்பின்னல் பகுதியின் குறியீடும் அட்டையில் இருக்கக்கூடும். புதிய கைப்பேசியில் போட்டுச் சில நாள் பயன்படுத்தினால் பகுதிக் குறியீடு தானாக மாறிவிடும்.

சிம்முக்கு நீங்கள் பின் எண் வைத்திருந்தால் கொடுக்கும் முன் நீக்கிவிடுங்கள். மூன்று முறை தவறாகப் போட்டால் அட்டை பூட்டிக்கொண்டு பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் அட்டையைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.


ஓலைச்சுவடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன்.

கல்தச்சன் சொன்னபடி சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு என் மின்னஞ்சலுக்குள் போக முயன்றேன். மூன்றாவது படியில் "இந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா?" என்று கேட்டு நின்றது, வேறு வழி எதையும் அது காட்டவில்லை. குறுஞ்செய்திப் பெட்டியில் "குறியீடு", "ஓடிபி" என்ற சொற்களைத் தேடியதில் பதினான்கு கணக்குகள் வந்தன. அவற்றில் ஐந்தை நான் தொடங்கியதே மறந்துவிட்டது. கேட்டிருந்தால் நாலைந்து என்று சொல்லியிருப்பேன்.

அழைப்புத் திருப்பம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. *#21#இல் ஒன்றுமில்லை. *#62# அழுத்தியபோது ஓர் எண் வந்தது. அது அண்ணனுடைய எண். அதாவது என் கைப்பேசி அணைந்திருந்த போதெல்லாம் எனக்கு வந்த அழைப்புகள் அவருக்குப் போயிருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன் ஒருமுறை, "உன் அலுவலகத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்களே, பேசினாயா?" என்று அவர் கேட்டபோது, அவருடைய எண்ணை நான்தான் எங்கோ கொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. பதின்மூன்று கணக்குகளில் எண்ணை மாற்றிவிட்டேன். ஒன்று மட்டும், பாதுகாப்புக்காக மாற்றக் கோரிக்கை 21 நாள் நிலுவையில் இருக்கும் என்கிறது. அதுவரை உறுதிக் குறியீடு பழைய எண்ணுக்கே வருமாம். அண்ணனோ இந்த வாரக் கடைசியில் சிம் வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?


கல்தச்சன் எழுதியது:

திருப்பத்தைக் கண்டு கலங்க வேண்டாம். இழுப்பறையில் கிடந்த சிம் அல்லவா? அந்த எண்ணுக்கு யாராவது அழைத்தால் தவறிப்போகக் கூடாது என்று, அணைந்திருக்கும்போது தம் முதன்மை எண்ணுக்கு வரும்படி அவர் முன்பே போட்டிருப்பார். அட்டை உங்களிடம் வந்த பிறகும் ஏற்பாடு வலைப்பின்னலில் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் குறியீட்டைக் குரல் அழைப்பாகச் சொல்லும் தளங்கள் உண்டு. உங்கள் கைப்பேசி அணைந்திருந்த நேரத்தில் யாரேனும் அந்த வழியைக் கேட்டிருந்தால், குறியீடு அவர் காதில்தான் ஒலித்திருக்கும். ##002# எல்லாத் திருப்பங்களையும் நீக்கிவிடும். ஆயினும் அது அவர் போட்டது என்பதால் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

அந்த ஒரு கணக்கைப் பொறுத்தவரை, அதில் பணமோ ஆவணமோ இல்லையென்றால் மூடிவிடுங்கள். மறந்துபோன ஐந்தில் ஒன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முக்கியமானது என்றால் அண்ணனிடம் காரணத்தைச் சொல்லி மூன்று வாரம் கேளுங்கள். சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்று தயங்கினீர்கள். பட்டறிவு எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருடைய பெயரைக் காப்பாற்றவும்தான் இதைச் செய்கிறீர்கள் என்பது அதில் விளங்கும்.


ஓலைச்சுவடி எழுதியது:

அந்தக் கணக்கில் சேமிப்பு இருப்பதால் மூட முடியவில்லை. அண்ணனிடம் பேசிவிட்டேன். பட்டறிவின் அட்டைப் பெட்டிக் கதையைக் கேட்டுவிட்டு, என் கைப்பேசியின் பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். திருப்பம் போட்டது அவருக்கு நினைவே இல்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதே ##002# அழுத்தச் சொன்னார். "எட்டு மாதம் பொறுத்தவனுக்கு மூன்று வாரம் பெரிதா? எல்லாம் முடித்துவிட்டுக் கொண்டு வா" என்றார். மகளிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்ள வேண்டுமாம்.